ரோட்டுக்குக் கீழே முந்நூற்றுப் பத்து மீட்டர்

மே 12, செவ்வாய்

பக்கம் எண்பத்தெட்டு வந்துவிட்டது.

மரவட்டை வரைபடத் தொகுப்பின் ஆசிரியை, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். இருநூறு பக்கப் புத்தகத்தில் என்னுடையது ஒரே ஒரு பக்கம். எனக்கு அது போதும். மற்றவர்களின் வரைபடங்களில் புள்ளிகள் சிந்திய கடுகுபோலக் கிடக்கின்றன. என்னுடையதில் ஒரு மலைச்சரிவு, அதன் குறுக்கே ஒரு ஜீப் ரோடு. ரோட்டுக்கு மேலே எல்லாம் சிவப்பு, கீழே எல்லாம் நீலம். நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு.

சிவப்பு கவையன், நீலம் வளையன். இவை நாங்களே வைத்துக்கொண்ட பெயர்கள். லத்தீனில் முறையான பெயர்கள் உண்டு, சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இரண்டும் நெருங்கிய சொந்தம். அதே பழுப்பு, அதே நீளம், சருகுக்கு அடியில் அதே வாழ்க்கை. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆணுக்கு மட்டும் ஏழாவது வளையத்தில் ஒரு ஜோடிக் கால்கள் இனச்சேர்க்கைக்கான உறுப்பாக மாறியிருக்கும். ஒன்றுக்கு அதன் நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். மற்றதற்குக் கவைபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது கால் வைக்காது, அத்தனை கால் இருந்தும்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவள் நான். பெருமையாக இருக்கிறது. இங்கேதானே சொல்லிக்கொள்கிறேன், யார் கேட்கப்போகிறார்கள்.

மே 13, புதன்

மேஜைமேல் வரைபடத்தை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது. பரவாயில்லை.

மே 18, திங்கள்

ஆசிரியையிடமிருந்து ஒரு கேள்வி. மரியாதையான பெண்மணி, மரியாதையாகவே குத்துகிறார். எல்லை மிகச் சரியாக ரோட்டின் மேலேயே விழுவது ஆச்சரியமாக இருக்கிறதாம். ரோட்டுக்கு இருபுறமும் முந்நூறு மீட்டருக்குள் சேகரித்தது யார் யார், அவற்றில் வளர்ந்த ஆண்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியுமா என்கிறார். ஜூன் முப்பதுக்குள் சொன்னால் போதும். அன்றோடு பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள், பிறகு திருத்த முடியாது.

அந்த ரோடு தற்செயலாக எல்லையின் மேலே அமைந்திருக்கிறது என்று வரைபடத்தோடு கொடுத்த கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேனே. படிக்கவில்லை போலிருக்கிறது. நாளைக்குப் பதிவேட்டைத் திறந்து எண்ணி, அவர் வாயை அடைத்துவிடுகிறேன்.

மே 19, செவ்வாய்

எண்ணினேன்.

மரவட்டை மாதிரிகள் மொத்தம் இருநூற்று இருபத்தாறு பாட்டில். ரோட்டுக்கு மேலே நூற்றுப் பதினெட்டு, எல்லாம் என் தம்பி சேகரித்தவை. கீழே நூற்றெட்டு, எல்லாம் நான். இதில் புதுசு ஒன்றுமில்லை. பதினொரு வருஷமாக அவன் மேலே, நான் கீழே. அவன் பாட்டில்களை நான் வேலை செய்யும் மியூசியத்தின் வாசலில் பதிவேடு எழுதும் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போவான், நான் மாடியிலிருந்து பார்ப்பேன்.

மேலே முந்நூறு மீட்டருக்குள் ஆண்கள் பத்தொன்பது. அத்தனையும் கவையன்.

கீழே முந்நூறு மீட்டருக்குள் பதினாலு பாட்டில். ஆண்கள் — ஒன்றும் இல்லை. எல்லாம் பெண், குஞ்சு, பெண், குஞ்சு. என்னிடம் இருக்கும் ஆண்களெல்லாம் அடிவாரத்து ஓடைக்கரையில் கிடைத்தவை, நடக்கச் சௌகரியமான இடம். ரோட்டை ஒட்டிய சரிவு செங்குத்து, முள். நாலைந்து தடவை போயிருப்பேன், அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகு.

அப்படியானால் அந்தப் பதினாலு நீலப் புள்ளிகள் எப்படி வந்தன? பெண்ணையும் குஞ்சையும் வைத்து எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாதே. நான் எப்படிச் சொன்னேன்?

கீழே கிடைத்தது, ஆகவே வளையன். அப்படித்தான் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

மே 22, வெள்ளி

மூன்று நாளாக யோசித்துவிட்டேன். கோடு சரிதான். ஆதாரம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, அவ்வளவே. முதல் மழை விழுந்து இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வளர்ந்த ஆண்கள் வெளியே திரியும். மழை எப்படியும் ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும். நானே இறங்கி, பத்து வளையனைப் பிடித்து, ஆசிரியையின் மேஜையில் வைக்கிறேன்.

மேல்பக்கத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. தம்பி சர்வே ஆபீசில் இருக்கிறான், நிலம் அளக்கிறவன். அவன் பாட்டில் லேபிளில் பாறையும் மரமும் தூரமும் இருக்கும். எழுத்து மட்டும் கோழி கிளறியது மாதிரி. சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்துதான் மலை ஏறுவோம். எங்கள் அப்பா அம்மா மற்றவர்கள் பிள்ளைகளைப்போல இது இரண்டும் ஏன் இல்லை என்று கவலைப்பட்டார்கள்.

முதல் கவையனைப் பிடித்தவன் அவன்தான். புது இனம் என்று கண்டுபிடித்து, வர்ணித்து, பெயர் வைத்தது நான். கட்டுரையில் என் பெயர் மட்டும். கடைசியில் அவனுக்கு நன்றி சொல்லி ஒரு வரி. கட்டுரை வந்த வாரம் வீட்டுக்கு வந்தான், அது அச்சான புத்தகத்தை மேஜைமேல் போட்டான். “இனிமே ரோட்டுக்கு மேல நான், கீழ நீ. ஒருத்தர் பக்கம் ஒருத்தர் வரவேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு பெயருக்காக. சொந்தத் தம்பிக்கு இவ்வளவு பேராசையா என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

மே 27, புதன்

மாதிரிகள் கெடாமல் ஊறும் ஸ்பிரிட் பாட்டில்களில் குறைந்திருந்தால் நிரப்புகிற வாரம். பதிவேட்டுப் பெண் மூன்றாவது அலமாரியில் இருந்தாள். கவையனின் மூல மாதிரி, அதாவது பெயர் சூட்டும்போது ஆதாரமாக வைத்த அந்த முதல் ஆண், இருக்கும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மேடம், இதுக்குள்ள ரெண்டு லேபிள் இருக்கு. ரெண்டும் வேற வேற இடம் சொல்லுதே.”

இரண்டு லேபிள் இருக்க வேண்டியதுதான். பழைய லேபிளை எந்தக் காலத்திலும் எறியக்கூடாது, புதியதைத் தட்டச்சு செய்தால் இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். இந்த விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இடுக்கியால் வெளியே எடுத்தேன்.

என் லேபிள், தட்டச்சில்: ஜீப் ரோட்டுக்கு மேலே 310 மீ., சாய்ந்த பாறை அருகே, விழுந்த மரத்தடி.

அவன் லேபிள், பென்சிலில்: ஜீப் ரோட்டுக்குக் கீழே 310 மீ., சாய்ந்த பாறைக்கு மேற்கே பத்தடி, விழுந்த மரத்தடி. சங்கிலியால் அளந்தது.

பென்சில் ஸ்பிரிட்டில் அழியாது. நேற்று எழுதியதுபோல இருந்தது.

அவளிடம், பார்க்கிறேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது.

மே 28, வியாழன்

ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய்.

இதே மேஜை. அவன் லேபிளைப் படித்தேன், சிரித்தேன். கீழே நான் அதற்குள் நாற்பது ஆண்களைப் பார்த்திருந்தேன், எல்லாம் வளையன். கீழே எப்படிக் கவையன் வரும்? அவசரத்தில் மேலே என்பதைக் கீழே என்று எழுதிவிட்டான், பாவம், என்று நானே திருத்தித் தட்டினேன். சங்கிலியால் அளந்தது என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிட்டேன். இடம் பத்தவில்லை என்று விட்டேனா? லேபிளில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

ஒரு போன் பண்ணியிருக்கலாமே. பக்கத்துத் தெருவில்தானே இருந்தான். ஏன் பண்ணல? ஏன்னா எனக்குத் தெரியும்னு நெனச்சேன். எனக்கு எல்லாம் தெரியும். அக்காவாச்சே.

இருபது வருஷமாக மியூசியத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் லேபிளில் கைவைத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் உபதேசம். முதல் கவையன் ரோட்டுக்குக் கீழே கிடைத்திருந்தால், அந்தக் கோடு ரோட்டில் இல்லை. இல்லவே இல்லை. தம்பியை மேலே துரத்திவிட்டு, பிறகு பதினொரு வருஷம் அவன் மேலே மட்டுமே பிடித்ததை வைத்து, பார்த்தீர்களா, கவையன் மேலேதான் என்று கோடு போட்டிருக்கிறேன்.

பக்கம் எண்பத்தெட்டு மரவட்டைகளின் வரைபடம் இல்லை. எங்கள் சண்டையின் வரைபடம்.

மே 31, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் என் வீட்டுக்காரர் தம்பியின் வீட்டுக்குச் செஸ் ஆடப் போவார். பதினொரு வருஷமாகப் போகிறார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை, அவர் சொல்வதும் இல்லை. இன்றைக்குச் செருப்பு மாட்டும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். கட்டுரையில் பெயர் போடாததற்கு அவன் இன்னும் கோபமாக இருக்கிறானா என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனிதர்களை உற்றுப் பார்த்தே பழகியவர். என்னைக் கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்தார்.

“பேரா? அதைப் பத்தி மச்சான் ஒரு நாளும் பேசினதில்ல. அந்த லேபிளைப் பத்தித்தான் பேசுவாரு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையே. காரணத்தையும் நீயே சொல்லிட்ட. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?”

வாசலை விட்டு விலகி நின்றேன். நான் வழி விடுவது அபூர்வம், அவர் அதை ரசித்துவிட்டுத்தான் போனார். செஸ்ஸில் தோற்றுவிட்டு வந்தார், நல்ல வேளை.

ஜூன் 2, செவ்வாய்

தம்பிக்கு மூன்று கடிதம் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். முதலாவதில் இரண்டு அடிக்குறிப்பு இருந்தது. மன்னிப்புக் கடிதத்துக்கு அடிக்குறிப்பு போட்ட முதல் ஆள் நான்தான்.

பிறகு ஒரு யோசனை. மழை வரட்டும், கீழே இறங்கி ஒரு கவையனைப் பிடிக்கிறேன். கையில் ஆதாரத்தோடு போய், நீ சொன்னது சரிதான் என்று சொல்கிறேன். அதுதான் முறை, விஞ்ஞானம்.

ஜூன் 3, புதன்

அது முறையில்லை. அவன் சொன்னது சரியா என்று பார்த்துவிட்டு மன்னிப்பு கேட்டால், தப்பாக இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன் என்றுதானே அர்த்தம். சரியோ தப்போ, லேபிள் அவனுடையது.

மழைக்கு முன்னால் போக வேண்டும். நாளைக்கே.

ஜூன் 4, வியாழன்

சர்வே ஆபீஸ் இரண்டாவது மாடி. கதவுக்குப் பக்கத்தில் சுருட்டிய வரைபடங்கள் ஒரு டிரம் நிறைய. தம்பி ஜன்னலோர மேஜையில் ஒரு மனையின் எல்லையை மையால் வரைந்துகொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருக்கிறது. உறவுக்காரர்கள் சாவுக்கெல்லாம் பார்த்துக்கொண்டதுண்டு, ஆனால் அங்கே நான் அவனைச் சரியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கோட்டைப் பாதியில் நிறுத்தமுடியாது என்பதால் முடியும்வரை நின்றேன்.

அந்த லேபிளை மாற்றியது நான், தெரிந்தே மாற்றினேன், அதற்கு மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் இவ்வளவுதான் மிச்சமிருந்தது.

அவன் பேனாவைத் துடைத்தான். “கீழ போய்ப் பாத்தியா?”

“இல்ல. இன்னும் மழை வரல.”

“அப்போ நான் எழுதினது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. தப்பாவே இருந்தாலும் நான் மாத்தியிருக்கக் கூடாதுடா.”

பேனாவைக் கீழே வைத்தான். பிறகு, என்னைப் பார்க்காமல், அந்த மனையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அளக்கறதுதான் என் பொழப்பு. மேல எது கீழ எதுன்னு தெரியாதவன்னு அச்சடிச்சுப் புத்தகத்துல போட்டுட்ட. பேரையெல்லாம் நீயே வெச்சுக்க அக்கா, எனக்கு எதுக்கு. ஆனா நான் சங்கிலி புடிச்சு இறங்கினேன். முட்டியெல்லாம் ரத்தம்.”

சரி என்று தலையாட்டினேன். வேலை இருக்கிறது என்றான். இறங்கி வந்துவிட்டேன். படியில் அழுதேன். கீழே டீக்கடையில் முகம் கழுவிக்கொண்டு மியூசியத்துக்குப் போய் எட்டு பாட்டிலுக்கு ஸ்பிரிட் நிரப்பினேன்.

அக்கா என்று சொன்னான். அதைக் குறித்துவைக்கிறேன்.

ஜூன் 6, சனி

மழை. மதியம் தொடங்கி விடாமல் பெய்கிறது. சல்லடையை எடுத்து வெளியே வைத்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

தனியாகப் போனேன். ரோட்டிலிருந்து நேராகக் கீழே. வரைபடத்தில் அந்தச் சரிவு என் கட்டைவிரல் அகலம்தான். நிஜத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐம்பத்துமூன்று வயது முட்டிக்கு இது வேலையில்லை. சல்லடை போட்டுச் சலித்ததில் இரண்டு குஞ்சு, ஒரு பெண், மற்றதெல்லாம் மண். நூறு மீட்டர்கூடப் போகவில்லை. கடைசிப் பத்து மீட்டர் உட்கார்ந்தபடியே இறங்கினேன், நானாக இறங்கவில்லை.

ஏன் இந்தச் சரிவில் என் பதினாலு பாட்டிலிலும் ஆண் இல்லை என்று இப்போது தெரிகிறது. சோம்பேறித்தனத்துக்கு நல்ல பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரி.

ஜூன் 10, புதன்

முட்டி வீங்கி இருக்கிறது. வீட்டுக்காரர் ஒத்தடம் கொடுத்தார். சனிக்கிழமை மறுபடி போவேன் என்றேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜூன் 13, சனி

காலை ஏழரைக்கு நான் போனபோது ரோட்டு வளைவில் ஒரு ஜீப் நின்றது. தம்பி நின்றான். தோளில் அளவுச் சங்கிலி, பக்கத்தில் ஒரு கட்டு முளைக்குச்சி, இரண்டு சல்லடை. ரோட்டின் மேல்விளிம்பில் நின்றுகொண்டு கீழ்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கீழ வரலாமா?” என்று கேட்டான். “உன் பக்கமாச்சே.”

கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

“வாடா” என்றேன்.

சங்கிலியின் ஒரு நுனியை ரோட்டு விளிம்பில் என்னைப் பிடிக்கச் சொன்னான். ஆடாமல் பிடி என்றான், பிடித்தேன். இறங்கினான். பத்து மீட்டருக்கு ஒரு முளை, ஒவ்வொரு முளைக்கும் ஒரு கூடைச் சருகு சலித்தோம். எனக்கு ஒரு கயிறு கட்டிக் கொடுத்தான். இரண்டு பேரும் வேலையைப் பற்றி மட்டும் பேசினோம்; சல்லடையை இப்படிப் பிடி, அந்தக் கல்லை மிதிக்காதே. போதுமானதாக இருந்தது.

முப்பதாவது மீட்டரில் முதல் ஆண். லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கவை. அடுத்தது, கவை. நூறில், நூற்று நாற்பதில், இருநூற்று இருபதில், கவை, கவை, கவை. என் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு தடவையும் லென்ஸை அவனிடம் கொடுத்தேன். அவன் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த முளைக்கு இறங்கினான். அப்பவே எழுதினேனே என்று குத்திக்காட்டியிருந்தால் தேவலை.

முந்நூற்றுப் பத்தாவது முளையை அடித்தபோது சாய்ந்த பாறை எங்களுக்குக் கிழக்கே இருந்தது. அவன் மறுபடி சங்கிலியைப் போட்டான். பத்தடி. விழுந்த மரம் மக்கி மண்ணோடு போயிருந்தது, நீளமாக ஒரு மேடு மட்டும். அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

மூல மாதிரி கிடைத்த இடம். பெயர் வைத்த நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை.

அதற்கும் கீழே முந்நூற்று முப்பதில், ஒரு பட்டைத்துண்டைப் புரட்டினேன், மூன்று ஆண்கள். முதலாவது கவை. இரண்டாவது கவை. மூன்றாவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு. ஒரே பட்டைக்கு அடியில், ஒன்றுக்கொன்று இரண்டு விரல்கடை தூரத்தில்.

“டேய், இங்க வா” என்றேன்.

பார்த்தான். அவன் முகம், சின்ன வயசில் தீப்பெட்டியைத் திறந்து, பிடித்த பூச்சியை என்னிடம் காட்டுவானே, அந்த முகம். முந்நூற்று ஐம்பதில் ஒரு கவையன்கூட இல்லை. அதற்குக் கீழே எல்லாம் வளையன். எல்லை இருக்கிறது. நான் சொன்னதுபோலவே கத்தியால் வெட்டிய எல்லை. நான் சொன்ன இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சந்தோஷமாக இருந்தது. ஈரச் சருகில் உட்கார்ந்து சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ஜூன் 14, ஞாயிறு

அந்த இருபது மீட்டரில் என்ன இருக்கிறது? நேற்றிலிருந்து அதே யோசனை. மேலும் கீழும் அதே மரம், அதே மண், அதே ஈரம். ஓடை இல்லை, பாறைத் தொடர் இல்லை. இரண்டும் ஒரே சருகைத் தின்கின்றன, ஒரே மாதத்தில் இணை தேடுகின்றன. ஒருவேளை அதுதானோ? கவையன் தப்பாக வளையத்தியிடம் போனால் அந்தப் பருவமே வீண். மற்ற இனத்தின் கூட்டம் எங்கே அதிகமோ அங்கே எண்ணிக்கை குறைந்தவனுக்குச் சொந்த இனத்தில் பெண் கிடைக்காது. அப்படியே ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, எங்கே பலம் சமமோ அங்கே நின்றுவிட்டதோ? தெரியாது. தெரியாது என்று எழுத இந்த வாரம் நன்றாகப் பழகிவிட்டேன்.

சாப்பிடும்போது இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அக்கம்பக்கம் இருந்துகொண்டு, வேலியே இல்லாமல், ஒருவர் பக்கம் ஒருவர் வராமல் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். உவமை வேண்டாம், சாப்பிடுங்கள் என்றேன்.

ஜூன் 20, சனி

சரிவில் ஏழு இடத்தில் சங்கிலி பிடித்து இறங்கியாயிற்று, இன்றோடு ஏழு சங்கிலி முடிந்தது. தம்பி லீவு போட்டுவிட்டான். எல்லை நேர்கோடு இல்லை. ஓரிடத்தில் ரோட்டுக்குக் கீழே இருநூற்றுத் தொண்ணூறு, ஓரிடத்தில் நானூற்றுப் பத்து, கிழக்குக் கோடியில் ரோட்டைத் தாண்டி மேலேயே ஏறிவிடுகிறது. அங்கே அவன் பக்கத்தில் வளையன். அவன் பதினொரு வருஷமாகக் கவனிக்கவில்லை. அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே. நான் வாயே திறக்கவில்லை. கொஞ்சம் சிரித்திருப்பேன்.

எங்கேயும் இரண்டும் கலந்திருக்கும் பட்டை முப்பது மீட்டருக்கு மேல் அகலமில்லை. நூற்று எண்பத்தாறு ஆண்கள். இனி ஆசிரியை தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

ஜூன் 22, திங்கள்

புது வரைபடத்தோடு ஒரு திருத்தக் குறிப்பும் எழுதி மியூசியம் இயக்குநரிடம் கொண்டுபோனேன். வரைபடத்தைப் பார்த்துப் பூரித்தார். குறிப்பைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். மூல மாதிரியின் லேபிளை மியூசியத்திலேயே மாற்றினோம் என்று அச்சில் வந்தால் நம் பெயர் என்ன ஆகும் என்றார். பழைய லேபிள் தெளிவாக இல்லாததால் நேர்ந்த குழப்பம் என்று போட்டுவிடலாமே என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார்.

லேபிளை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். படிக்கச் சொன்னேன். கண்ணாடி போடாமலே படித்தார்.

“சார், இவ்வளவு தெளிவா இருக்கிறதை மறுபடியும் தெளிவில்லைன்னு சொன்னா, ரெண்டாவது தடவை மாத்தின மாதிரி ஆயிடும்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குறிப்பு இப்படித்தான் போகிறது: மூல மாதிரி கிடைத்த இடம் சேகரித்தவரின் பென்சில் லேபிளில் சரியாக உள்ளது. பின்னர் அது தவறாக மாற்றப்பட்டது. மாற்றியது நான்.

இதோடு நிற்கவில்லை. என் கையால் தட்டச்சு செய்த லேபிள்கள் நூற்று நாற்பதையும் பழையவற்றோடு ஒப்பிடச் சொல்லிப் பதிவேட்டுப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். அவள் எண்ணட்டும், நான் எண்ணினால் யார் நம்புவார்கள்.

ஜூன் 26, வெள்ளி

இன்னும் இரண்டு இடத்தில் தம்பியைத் “திருத்தியிருக்கிறேன்”. ஒரு தேதி, ஒரு மரம். குறிப்பில் சேர்த்தாயிற்று.

தேதியில் நான்தான் சரி. இருந்தாலும் சேர்த்தாயிற்று.

ஜூன் 30, செவ்வாய்

பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. வேண்டாம் என்றான், கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவன் பேச்சை நான் கேட்கப்போவதில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

புத்தகம் வந்து நாலு நாள் ஆகிறது. இன்றைக்குச் செஸ் எங்கள் வீட்டில். தம்பி வந்ததும் பலகையை விரிப்பதற்கு முன்னால் புத்தகத்தைக் கேட்டான். பக்கம் எண்பத்தெட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். திருத்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தான் என்று நினைக்கிறேன், பக்கத்தைத் திருப்ப அவ்வளவு நேரம் ஆகாது.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தான். சட்டைப் பையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு விருந்தாட வருகிறவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான். ரோட்டிலிருந்து கோட்டுக்கு ஏழு இடத்திலும் அளந்தான். வீட்டுக்காரர் காய்களை அடுக்கிவிட்டுக் காத்திருந்தார்.

“நாலாவது சங்கிலிகிட்ட ஒரு மில்லிமீட்டர் மேல போயிருக்கு” என்றான்.

அச்சுக்குப் போகும் முன் நானே மூன்று தடவை பார்த்த பக்கம். ஆசிரியை பார்த்த பக்கம். இருக்கவே இருக்காது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உள்ளே போய் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தேன்.